முகவுரையில் இருக்கும் மனிதர்கள்

உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தையோ புறநானூற்றையோ கையில் எடுப்பவர்கள் முகவுரையை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு நேரே பாட்டுக்குப் போய்விடுவது வழக்கம். அந்த முகவுரைகளை நிறுத்தி நிதானமாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். எந்த ஊரில், யார் வீட்டில், எந்த மடத்தில் ஏடு கிடைத்தது, ஒப்புநோக்கும்போது உடன் இருந்தவர் யார், அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர் யார் என்று பெயர் பெயராக எழுதியிருப்பார். இன்றைய நன்றியுரைகளில் “உதவிய நல்லுள்ளங்கள் அனைவருக்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோமே, அந்த வரி அவரிடம் செல்லாது. யார், எங்கே, என்ன கொடுத்தார் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அவருக்கு அது நன்றி. இதை ஒரு பெரியவரின் பணிவு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பணிவு என்ற சொல் இதற்குப் போதாது என்று நினைக்கிறேன். தமக்கு வாய்த்த நல்லதெல்லாம் எந்தக் கையிலிருந்து வந்தது என்று இத்தனை துல்லியமாகக் கணக்கு வைத்திருந்ததால்தான் அவரால் அறுபது எழுபது ஆண்டுகள் ஓயாமல் கற்க முடிந்தது. நன்றியையும் கல்வியையும் இரண்டு தனித்தனிக் குணங்களாகப் பார்க்கப் பழகிவிட்டோம். அவர் வாழ்க்கையில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நடந்தன.

1855இல் தஞ்சைப் பகுதியின் உத்தமதானபுரத்தில் பிறந்தவர் அவர். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கதாகாலட்சேபம் செய்து வரும் சொற்ப வருமானத்தில்தான் குடும்பம். மகனுக்குத் தமிழில் மோகம் என்று தெரிந்ததும், எந்த ஊரில் சொல்லித்தருபவர் இருக்கிறாரோ அந்த ஊருக்கே குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று அந்த வரிசை நீளும். இவர்களில் யாரும் இலக்கிய வரலாற்றில் பெரிய எழுத்தில் இடம்பெற்றவர்கள் அல்லர். சிற்றூர்களில் தமக்குத் தெரிந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள். விருத்தாசல ரெட்டியார் செய்தது ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தம்மால் ஆனதைச் சொல்லித்தந்த பின், இதற்கு மேல் படிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்று வழிகாட்டினார். மாணவனைத் தன் எல்லைக்குள் கட்டிவைக்காத ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு பெரிய யோகம் என்பது, அப்படிக் கிடைக்காதவர்களைப் பார்த்தால்தான் புரியும். எண்பது வயதுக்கு மேல் ‘என் சரித்திரம்’ எழுத உட்கார்ந்தபோது ஐயர் இவர்கள் ஒவ்வொருவருக்கும் பக்கங்கள் ஒதுக்கினார். பெரிய ஆசிரியர் கிடைத்துவிட்டார், இனிச் சிறிய ஆசிரியர்கள் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

அந்தப் பெரிய ஆசிரியரும் அப்படிக் கற்றவர்தான். 1815இல் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிறந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையிலேயே தந்தையை இழந்து, கிடைத்த இடத்தில் கிடைத்ததைக் கற்றார். வீடு வீடாகப் பிச்சை எடுத்துவந்த ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டு, அவர் பின்னாலேயே அலைந்து, அவருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்துப் பாடம் கேட்டார் என்று ஐயர் பதிவு செய்திருக்கிறார். கற்பிப்பதிலும் அதே மனம். அவரிடம் படித்தவர்களில் புதுச்சேரிக் கிறிஸ்தவரான சவராயலு நாயகரும் உண்டு, நாகூர் குலாம் காதிறு நாவலரும் உண்டு. 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிந்த வேளையில், கிறிஸ்தவ மாணவரான சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தார். ஸ்மார்த்தப் பிராமணரான சாமிநாதையர் பக்கத்தில் இருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தார். சைவப் பெரும்புலவர் ஒருவரின் கடைசி நேரம் இப்படி அமைந்தது தற்செயல் அல்ல. வாழ்நாளெல்லாம் யார் கேட்டாலும் சொல்லிக்கொடுத்ததன் பலன் அது.

ஆசிரியர் போன பின் வாழ்க்கைக்கு வழி? இங்கேதான் நல்வாய்ப்பு என்பது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிகிறது. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையின் மாணவர். 1880இல் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்குச் சாமிநாதையர்தான் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரை அனுப்பிவைக்கத் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இசைய வேண்டியிருந்தது. பிரிய மனமில்லாமலே இசைந்தார். கல்லூரித் தலைவர் கோபால ராவ் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, ஏற்றுக்கொண்டார். மாதம் 50 ரூபாய்ச் சம்பளம். மூன்று பேர் மனம் வைத்து ஒரு வேலை. அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். ஐயர் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்பு இல்லை. இவ்வளவுதானா என்ற பாவம். பிறகு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்ற கேள்விகள். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை.

இருபத்தைந்து வயதில் கல்லூரி ஆசிரியர். தமிழகத்தின் மிகப் பெரிய வித்துவானின் மாணவர் என்ற பெயர் வேறு. கேட்டவரோ ஏறக்குறைய ஒத்த வயதுடைய உத்தியோகஸ்தர். அந்த இடத்தில் முகம் சிவந்து எழுந்து வருபவர்கள்தான் அதிகம். முன்சீப்புக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டில் போய்ப் புலம்புவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஐயர் மறுபடியும் போனார். சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார். முதலியாரும் அத்தோடு விடவில்லை. நேரம் ஒதுக்கி உட்கார்ந்து ஐயரிடமே அந்த நூலைப் பாடம் கேட்டார். கேள்வி கேட்டவர் மாணவரானார், கேள்வியில் சறுக்கியவர் ஆசிரியரானார், இருவரும் ஒன்றாகத் திணறினார்கள். இந்தத் திருப்பம் சாத்தியமானதற்குக் காரணம் ஒன்றுதான். தமக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கொடுத்தது என்று மனத்தில் பதிந்திருந்தவருக்கு, தெரியாத ஒன்றை இன்னொருவர் கொடுக்க வருவது மானப் பிரச்சினையாகப் படவில்லை. தெரிந்ததெல்லாம் தன் சொந்தச் சம்பாத்தியம் என்று நம்புகிறவருக்கு, தெரியாது என்று ஒப்புக்கொள்வது சொத்தை இழப்பது போல வலிக்கும்.

சிந்தாமணி எளிதில் வழிவிடவில்லை. ஓலைச்சுவடி படித்துப் பழகாதவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்று காட்டும் கொம்பு வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பாட்டு எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதுகூடத் தெரியாது. பொருள் முன்கூட்டியே பிடிபட்டால்தான் எழுத்தே பிடிபடும். சிந்தாமணியின் பொருளோ சமண சமயத்தில் வேர்விட்டது. அதைப் புராண ஞானத்தால் திறக்க முடியாது. ஐயர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போனார். சிந்தாமணி அவர்கள் வீடுகளில் பக்தியோடு படித்து நிறைவு செய்யும் நூல் என்பதை அங்கேதான் அறிந்தார். பண்டிதர்கள் மறந்த காவியத்தை ஊருக்குள்ளேயே ஒரு சிறு சமூகம் உயிரோடு வைத்திருந்தது! சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னால் மணிமேகலை பௌத்தத்தைக் கேட்டபோது, உடன் பணியாற்றிய ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, ஐயர் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1898இல் அதுவும் வெளிவந்தது. தம் சமயம் அல்லாத இரண்டு சமயங்களை, அவற்றை நம்பியவர்களிடமும் ஆராய்ந்தவர்களிடமும் மாணவராக இருந்து கற்றவர் அவர்.

ஆழ்வார்திருநகரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பத்துப்பாட்டுப் பிரதி தேடி அங்கே லட்சுமண கவிராயர் வீட்டுக்குப் போனார். பரம்பரையாகப் புலவர்கள் வாழ்ந்த வீடு அது. கட்டுக் கட்டாக ஏடுகள். நாள்கணக்கில் பிரித்துப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. ஐயர் சோர்ந்துபோயிருந்தார். இரவில் பெருமாள் புறப்பாட்டின்போது கவிராயர் வேகமாக வந்தார். உறவினர் வீட்டில் ஒரு கட்டு இருப்பது நினைவுக்கு வர, போய் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். விளக்குக்குக் காத்திருக்காமல் நிலா வெளிச்சத்திலேயே ஐயர் அதைப் பிரித்தார். முல்லைப்பாட்டு! இந்தக் காட்சியில் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். அந்த ஏட்டின் அருமை ஐயருக்குத் தெரியும். இருக்கும் இடம் கவிராயருக்குத் தெரியும். அழியாமல் கிடந்தது உறவினர் வீட்டில். கரிவலம்வந்தநல்லூரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே கோயிலில் இருந்த பழைய ஏடுகளை, சாஸ்திரம் என்று சொல்லி நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டிருந்தார்கள். தேடியவர் ஒருவரே, உழைப்பும் ஒன்றே. ஓர் ஊரில் ஏடு, மற்றோர் ஊரில் சாம்பல்.

உழைப்பவனுக்கு நன்றி எதற்கு, வந்ததெல்லாம் அவன் பாடுபட்டதன் கூலிதானே என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். உழைப்பைக் குறைத்துச் சொல்ல இங்கே இடமே இல்லை. கண் புளிக்க ஏடு படித்தவர், கடன்பட்டுப் புத்தகம் அச்சிட்டவர் ஐயர். ஆனால் உழைப்பு பலிக்கும் இடம் வரை கொண்டுபோய் விடுபவர்கள் வேறு ஆட்கள். முதலியாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைத்திருந்தால், செட்டியார் தம் இடத்துக்கு வேறொருவரைச் சொல்லியிருந்தால், அதே மூளையும் அதே உழைப்பும் மடத்தில் புராணம் சொல்லிக்கொண்டே காலம் கழித்திருக்கக்கூடும். பிள்ளையிடம் படித்த மற்ற மாணவர்களும் சோம்பேறிகள் அல்லர். எதிர்நீச்சல் போட்டது தோளில் வலியாகப் பல காலம் நிற்கும். நீரோட்டம் தள்ளிவிட்ட தூரத்துக்கு உடம்பில் அடையாளம் இருக்காது. அதனால்தான் பட்ட கஷ்டங்களை நாம் தானாகவே நினைத்துக்கொள்கிறோம். கிடைத்த உதவிகளை முயன்று நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நன்றி மனிதனை அடங்கிப்போகச் செய்துவிடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. குருவைக் கும்பிட்டுக்கொண்டே இருப்பவன் குருவைத் தாண்டுவது எப்படி? நம் ஊரில் நன்றியின் பெயரால் வாயடைக்கப்பட்டவர்கள் ஏராளம் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. சாப்பாடு போட்டவர் சொல்வதே வேதம், வேலை வாங்கிக்கொடுத்தவரை எதிர்த்துப் பேசினால் துரோகம் என்று எத்தனை இடங்களில் நடக்கிறது. ஐயரிடம் இருந்தது அந்த நன்றி அல்ல. ஆசிரியர் காலடி படாத சங்க இலக்கியத்துக்குள் அவர் வாழ்நாள் முழுக்க நடந்தார். சிந்தாமணியை ஆசிரியர் பாடம் சொன்னதில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். பிள்ளைக்குச் சங்கீதத்தில் நாட்டம் இல்லாததால், மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தொடங்கிய இசைப் பயிற்சியை நிறுத்த நேர்ந்ததையும் எழுதினார். பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் இருப்பதாகச் சொல்லிப் பிள்ளை சிறப்புப்பாயிரம் தராமல் நாள் கடத்தியதையும், பாரதியார் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உருகி ஒருநாள் தந்ததையும் நமக்குச் சொன்னவர் அவர்தான். ஆசிரியரின் குறையும் அவர் அதைத் திருத்திக்கொண்ட பெருமையும் ஒரே நிகழ்ச்சியில் இருக்க, இரண்டையும் சேர்த்தே எழுதினார். கொடுத்தது என்ன என்று துல்லியமாகத் தெரிந்தால் கொடுக்காதது என்ன என்பதும் தெரிந்துவிடும். மொத்தமாக விழுந்து கும்பிடுபவர்களுக்குத்தான் அந்த எல்லைக்கோடு தெரிவதில்லை.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நல்வாய்ப்புக்கு நன்றி சொல்வது, வாய்ப்பே கிடைக்காதவர்களை மறக்கச் செய்யும் ஒரு திரையாகிவிடாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் வித்துவான் வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார எல்லாராலும் முடியவில்லை. நந்தனார் கதையைப் பாட்டாகக் கேட்டு உருகிய சமூகம், நந்தனாரின் மக்களுக்குப் பாடசாலைக் கதவைத் திறந்துவிடவில்லை. ஐயரின் ஆசிரியர் வரிசையிலும் ஏடு கொடுத்தோர் வரிசையிலும் பெண்களைத் தேடத்தான் வேண்டும். அவர் சமூகச் சீர்திருத்தக்காரர் அல்லர். அந்தக் குறையை அவருடைய நன்றி நிரப்பவில்லை. ஆனால் ஒன்று சொல்ல முடியும். எனக்கு எல்லாம் என் திறமையால் வந்தது என்று எழுதப்பட்ட சுயசரிதையிலிருந்து, யார் யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இன்ன ஊரில் இன்னார் இடம் கொடுத்தார், இன்னார் சோறு போட்டார், இன்னார் சிபாரிசு செய்தார் என்று எழுதப்பட்ட சரித்திரத்தில் கதவுகள் எங்கெங்கே இருந்தன என்பது தெரிகிறது. அந்தக் கதவுகள் யாருக்கு மூடியிருந்தன என்ற கேள்வியை நாம் கேட்பதற்குரிய சான்றுகளை அவரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கணக்கைத் துல்லியமாக வைக்க வேண்டும் என்ற அளவுகோலால் நம்மையும் அளந்துகொள்ளத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை, ஐயருக்கு முன்பே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கியவர். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர் பதிப்பாக வந்தன. சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி ஐயரிடம் கேட்டார், ஐயர் கொடுக்கவில்லை. அந்தச் சங்கடத்தையும் ‘என் சரித்திரம்’ ஒளிக்கவில்லை. இருவரும் கடன்பட்டும் தூக்கம் கெட்டும் ஒரே வேலையைச் செய்தவர்கள். இன்று பொதுநினைவில் ஐயர் ‘தமிழ்த் தாத்தா’வாக நிற்கிறார், தாமோதரம் பிள்ளையின் பெயர் தமிழ் படித்தவர்களைத் தாண்டி அதிகம் கேட்கப்படுவதில்லை. தனி ஒருவர் சுவடிகளையெல்லாம் மீட்டுத் தந்தார் என்று மேடைகளில் சொல்லும்போது ஐயரைப் புகழ்வதாக நினைக்கிறோம். ஏடு கொடுத்த கவிராயர்களையும், சிந்தாமணியைப் படித்துக் காத்த சமணக் குடும்பங்களையும், கேள்வி கேட்ட முன்சீப்பையும் நீக்கிவிட்டுத்தான் அந்தப் புகழைச் சொல்ல முடிகிறது. அவருடைய முகவுரைகளே அதை மறுக்கின்றன.

ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழித்து, 1933இலும் 1934இலும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக ஐயர் வெளியிட்டார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. பிள்ளையை நேரில் அறிந்தவர்கள் அருகிவந்த காலம். எழுதியதால் அவருக்குப் பட்டமோ பதவியோ வரப்போவதில்லை. பிறகு 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் காலமானபோது கதை மணிமேகலைப் பதிப்புக் காலத்தைத்தான் எட்டியிருந்தது. மீதி நாற்பது ஆண்டுகளில் உதவியவர்களுக்குச் சரித்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், 1937இல் வந்த குறுந்தொகை என்று பின்னாளைய நூல்களின் முகவுரைகளில்தான் அவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த ஐயர், திருவேட்டீசுவரன்பேட்டையில் முதலில் வாடகைக்குக் குடியிருந்த வீட்டைப் பின்பு விலைக்கு வாங்கினார். சொந்த வீட்டுக்குத் தெய்வத்தின் பெயர் வைப்பார்கள், பெற்றோர் பெயர் வைப்பார்கள். அவர் தமக்கு வேலை வாங்கிக்கொடுத்த தியாகராச செட்டியாரின் பெயரை வைத்தார். செட்டியார் 1888இலேயே மறைந்துவிட்டார். அவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. 2012இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. ஆனால் அங்கிருந்து அவர் எழுதிய முகவுரைகளின் முடிவில், கையொப்பத்துக்குப் பக்கத்தில், ஊரோடு சேர்த்து அச்சாகியிருக்கும் முகவரி இன்னும் இருக்கிறது: தியாகராஜ விலாஸம்.